முதலில்லாத் தொழிலுக்கு யாருடைய முதல்?

கலசப்பாக்கம் வட்டாரத்தில் ஒருவர் நிலத்தை விற்கிறார் என்றால் முன்பெல்லாம் பெண்ணின் கல்யாணம், கிணறு வெட்டிய கடன், பாகப் பிரச்சினை என்று ஏதாவது ஒரு நெருக்கடி இருக்கும். விற்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் அறிந்தவர்களாக இருப்பார்கள். இன்று செய்யாற்றங்கரை நெல் வயலுக்கும், மேட்டு நிலத்து மல்லாட்டைக் கொல்லைக்கும்கூட மனை விலை பேச ஆள் வருகிறது. வருகிறவர் வெளியூர்ப் பணக்காரராக இருக்க வேண்டுமென்பதில்லை. படித்து முடித்து வேலை தேடி அலுத்துப்போன உள்ளூர் விவசாயியின் மகனாகவும் இருக்கலாம். முதல் இல்லாமல் லட்சக்கணக்கில் சம்பாதிக்கும் தொழில் ஒன்று இருக்கிறது என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

இந்தத் தொழிலுக்கு அமெரிக்காவில் ஹோல்சேலிங் என்று பெயர். நம் பக்கத்தில் 'அக்ரிமெண்ட் போட்டுக் கைமாற்றுவது' என்பார்கள். நிலத்தை வாங்குவதில்லை. வாங்குவதாக ஒரு கிரைய ஒப்பந்தம் மட்டும் போட்டுக்கொண்டு, கெடு முடிவதற்குள் அதிக விலைக்கு வேறொருவரைப் பிடித்து, அவர் பேருக்கே நேராகக் கிரையம் செய்ய வைத்து, நடுவில் உள்ள வித்தியாசத்தை எடுத்துக்கொள்வது.

உதாரணத்துக்கு ஒரு கணக்குப் பார்க்கலாம். ஒரு ஏக்கர் நிலம். சென்ட் 15,000 ரூபாய் வீதம் 15 லட்சத்துக்கு விவசாயி சம்மதிக்கிறார். அச்சாரம் 50,000 ரூபாய், கெடு 11 மாதம். ஒப்பந்தம் போட்டவர் மனை போடுகிற ஒருவரிடம் சென்ட் 22,000 என்று பேசி முடிக்கிறார். பத்திரப் பதிவு நாளில் விவசாயிக்குச் சேர வேண்டிய பாக்கி வந்துவிடுகிறது. நடுவில் நின்றவர் 7 லட்சத்தோடு போகிறார். அவர் போட்டது 50,000 ரூபாயும், கொஞ்சம் பெட்ரோல் செலவும்தான்.

அவரே நிலத்தை வாங்கிப் பிறகு விற்கலாமே என்றால், அது அவருக்குக் கட்டாது. தமிழ்நாட்டில் கிரையப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு. 2023 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. ஆக 9 விழுக்காடு. 15 லட்சத்துக்கு 1 லட்சத்து 35 ஆயிரம் ரூபாய் ஆகிறது. அதையும் தவிர்த்து, 15 லட்சத்தைப் புரட்டும் வேலையையும் தவிர்ப்பதற்குத்தான் ஒப்பந்தத்தோடு நிறுத்திக்கொள்கிறார். சட்டமும் இதற்கு முற்றிலும் குறுக்கே நிற்கவில்லை. 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி கிரைய ஒப்பந்தம் நிலத்தில் எந்த உரிமையையும் தானாகத் தருவதில்லை. ஆனால் கிரையம் கேட்டுப் பெறும் உரிமையைத் தருகிறது. ஒப்பந்தத்தில் தடை எழுதப்படாவிட்டால் அந்த உரிமையைப் பொதுவாக இன்னொருவருக்கு மாற்றிவிடவும் முடியும்.

முதலில்லாத் தொழில் என்று சொல்வது இங்கேதான் பிசகுகிறது. இதற்கு முதல் இருக்கிறது. அது விவசாயியின் நிலமும், அந்த 11 மாதமும். விலை ஏறினால் லாபம் ஒப்பந்தக்காரருக்கு. ஆள் கிடைக்காவிட்டால் அவருக்கு நஷ்டம் அச்சாரத்தோடு சரி. விவசாயிக்கோ ஒரு வருடம் போய்விடுகிறது. அதற்குள் வேறு யாராவது நல்ல விலைக்குக் கேட்டாலும் கொடுக்க முடியாது. நிலம் போகப்போகிறது என்ற நினைப்பில் கிணற்றைத் தூர் வாரியிருக்கமாட்டார், மோட்டாரையும் பழுது பார்த்திருக்கமாட்டார். அடுத்தவர் முதலைக் கொண்டு தொழில் செய்வதில் தவறில்லை. வங்கிகள் அதைத்தான் செய்கின்றன. ஆனால் முதல் கொடுப்பவருக்கு, தான் முதல் கொடுக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும், அதற்குரிய வட்டியும் வந்தாக வேண்டும்.

வெறும் ஸ்டாம்பு பேப்பர்தானே, பிறகு கிழித்துப் போட்டுக்கொள்ளலாம் என்று எண்ணுவோர் இன்னும் உண்டு. அது பெரிய ஆபத்து. 2012 டிசம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் நிலக் கிரைய ஒப்பந்தங்களைக் கட்டாயமாகப் பதிவு செய்ய வேண்டும். பதிவானால் வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். வங்கியில் அடமானக் கடன் கேட்டால் அதிகாரி முதலில் பார்ப்பது அந்தச் சான்றைத்தான். கெடு தாண்டிய பிறகும் அந்தப் பதிவு தானாக அழிவதில்லை. இரண்டு பேரும் கையெழுத்திட்டு ரத்துப் பத்திரம் பதிவு செய்தாக வேண்டும். கையெழுத்துப் போட வருவதற்கே தனியாகப் பணம் கேட்பவர்களைப் பற்றிப் பத்திர எழுத்தர்களைக் கேட்டால் தெரியும். சரி, பதிவு செய்யாவிட்டால் செல்லாதே என்று நிம்மதியடையவும் வழியில்லை. பதிவாகாத ஒப்பந்தத்தையும் கிரையம் கோரும் வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. குறித்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். 2018 அக்டோபர் 1-ல் அமலுக்கு வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, விலை ஏறிவிட்டது என்ற காரணம் காட்டி நீதிமன்றத்தில் தப்புவதும் முன்னைவிடக் கடினம்.

ஆகவே பேரம் முழுவதும் கையெழுத்துக்கு முன்பே நடந்தாக வேண்டும். சென்ட் விலையை மட்டும் நாள் கணக்கில் பேசிவிட்டு, மற்றதைப் பத்திர எழுத்தரிடம் விட்டுவிடுவதுதான் வழக்கமாக இருக்கிறது. 'தங்கள் பேரிலோ அல்லது தாங்கள் சுட்டிக்காட்டும் நபர் பேரிலோ கிரையம் எழுதிக் கொடுக்க' என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் வரும். 7 லட்சம் கைமாறுவது அந்த வரியில்தான். அதை அடிக்கச் சொல்லலாம். 'எழுதிக் கொடுப்பவரின் எழுத்துமூலமான சம்மதமில்லாமல் இந்த ஒப்பந்தத்தைப் பிறருக்கு மாற்றக்கூடாது' என்று எழுதச் சொல்லலாம். அல்லது அந்த வரி இருக்கட்டும், கைமாற்றினால் அதிகப்படி விலையில் பாதி விவசாயிக்கு என்று சேர்க்கச் சொல்லலாம். மறுத்தால் வந்தவரின் நோக்கம் அங்கேயே தெரிந்துவிடும். கெடு 3 மாதத்துக்கு மேல் தேவையே இல்லை. மெய்யாக வாங்குபவருக்கு அது போதும். அச்சாரம் சிறியதானால் கெடுவும் சிறியதாக வேண்டும். 11 மாதம் வேண்டுமென்றால் நாலில் ஒரு பங்குப் பணத்தை எடுத்து வைக்கட்டும். கெடுவுக்குள் கிரையம் செய்யாவிட்டால் ஒப்பந்தம் முடிந்தது, அச்சாரம் திரும்பாது என்பதையும் தெளிவாக எழுத வேண்டும்.

ஒப்பந்தத்தோடு சேர்த்துப் பவர் பத்திரமும் கேட்டால் கொடுக்கலாகாது. பவர் பத்திரத்தால் நிலத்தின் உரிமை மாறாது என்று 2011 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் திட்டவட்டமாகச் சொன்னது உண்மை. ஆனாலும் பணம் வாங்கிக்கொண்டு கொடுத்த பவரைத் திரும்பப் பெறுவது லேசான காரியமல்ல. அச்சாரத்தைக் காசோலையாகவோ வங்கிக் கணக்கு மூலமாகவோ வாங்க வேண்டும். 2015 ஜூன் 1 முதல் நிலத்துக்கு 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக முன்பணம் வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே வாங்கியவர்மீது வருமான வரி அபராதம் விதிக்க இடமுண்டு. விவசாய வருமானம் மட்டும் உள்ள இருவருக்கிடையே இதில் விலக்கு இருக்கிறது. மனை வியாபாரியிடம் வாங்கும்போது அதை நம்பியிருக்கக் கூடாது.

இனி தொழிலில் புதிதாக இறங்கும் இளைஞரின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். அவரைத் திருடன் என்று ஒதுக்குவது நியாயமாகாது. வாங்குபவர் யார், எங்கே இருக்கிறார் என்று சிறு விவசாயிக்குத் தெரியாது. கண்டுபிடித்துக் கொண்டுவந்தால் அது வேலை, கூலி கேட்கலாம். மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேரம் பேசும் தரகருக்கு இரு தரப்பும் தரகு கொடுக்கத்தானே செய்கிறார்கள்? (அங்கேயும் துண்டுக்கடியில் நடப்பது எல்லாம் நியாயம்தானா என்பது வேறு கதை.) ஆனால் தரகர் மாட்டைத் தன்னுடையது என்று சொல்வதில்லை.

நேரான வழியில் தொடங்க விரும்புபவர் முதலில் கற்க வேண்டியது பேச்சு சாமர்த்தியம் அல்ல, காகிதம். பட்டா தனியா கூட்டா, புலப்படத்தில் உள்ள அளவும் வரப்பும் ஒத்துப்போகின்றனவா, வழிப்பாதை பத்திரத்தில் உண்டா, உடன்பிறந்த பெண்களின் பங்கு தீர்ந்ததா என்று பார்க்கத் தெரிய வேண்டும். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதலும் நாடு முழுவதும் 2005 முதலும் கூட்டுக் குடும்பச் சொத்தில் பெண்களுக்குச் சம பங்கு வந்துவிட்டது. அண்ணன் கையெழுத்தை மட்டும் வாங்கிப் போட்ட ஒப்பந்தம் தங்கை வந்து நின்றதும் படுத்துவிடும். வயலை மனையாக்குவதும் நினைத்ததுபோல் நடக்காது. 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அந்த ஆண்டு அக்டோபர் 20-க்குப் பிறகு உருவான அங்கீகாரமற்ற மனைப்பிரிவுகளுக்கு வரன்முறைத் திட்டமும் உதவவில்லை. நஞ்சையாக இருந்தால் கெடுபிடி இன்னும் அதிகம். 500 சதுர மீட்டருக்கு, அதாவது 12 சென்டுக்குச் சற்று மேற்பட்ட மனைப்பிரிவைக் கட்டட மனை ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிய வேண்டும். அதில் மனை விற்றுத் தரும் முகவரும் அங்கே பதிவு பெற்றிருக்க வேண்டும். இவற்றையெல்லாம் விசாரிக்காமல் போடும் ஒப்பந்தத்தில் இளைஞர் 50,000 ரூபாயை இழக்கிறார், விவசாயி ஒரு வருடத்தை இழக்கிறார்.

எல்லாம் தெரிந்தவர் நேராகவே சொல்லலாம்: 'மாமா, நான் வாங்கப் போவதில்லை, ஆள் பார்த்துத் தருகிறேன். முடிகிற விலை உங்களுக்கும் தெரியும். எனக்கு நூற்றுக்கு 2 ரூபாய் கொடுங்கள்.' மேற்சொன்ன கணக்கில் 22 லட்சத்துக்கு 44,000 ரூபாய் வருகிறது. 7 லட்சத்தோடு பார்த்தால் சிறிய தொகைதான். ஆனால் அடுத்த வாரம் அதே டீக்கடையில் உட்கார முடியும், பக்கத்து நிலத்துக்காரரும் கூப்பிட்டனுப்புவார்.

இந்தத் தொழிலைப் பெரிதாக நடத்தும் அமெரிக்காவிலேயே பல மாநிலங்கள் கடிவாளம் போட்டுவிட்டன. இல்லினாய் மாநிலம் 2019-ல், இதை அடிக்கடி செய்பவர் உரிமம் பெற வேண்டும் என்று சட்டம் செய்தது. ஓக்லஹோமா 2021-ல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. பென்சில்வேனியாவில் 2025 ஜனவரி முதல், இத்தகைய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு மனம் மாறினால் அதை ரத்து செய்ய விற்பவருக்குச் சட்டமே அவகாசம் தருகிறது. தமிழ்நாட்டில் அப்படி ஒரு அவகாசம் கிடையாது. ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும்போது, இது பிறருக்கு மாற்றத்தக்கதா என்று விற்பவரிடம் உரக்கப் படித்துச் சொல்லும் கடமையையாவது சார்பதிவாளருக்கு வைக்கலாம். அரசுக்கு இதில் ஒரு காசு செலவில்லை.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டு, கெடுவும் தாண்டி, எதிராளி வராமலிருந்தால் வாய்ப்பேச்சில் காலம் கடத்தலாகாது. வக்கீல் மூலம் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பி, ரத்துப் பத்திரத்துக்கு அழைக்க வேண்டும். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் திருவண்ணாமலையில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம். பெண்களுக்கும், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பாராமலே அங்கு இலவச சட்ட உதவி உண்டு. ஒப்பந்த நகல், பட்டா, அண்மையில் எடுத்த வில்லங்கச் சான்று ஆகிய மூன்றையும் எடுத்துச் செல்ல வேண்டும்.