செயலிக்கடையில் சிற்றிதழுக்கு என்ன வேலை?

"நல்ல இதழ்தான், ஆனால் செயலி இல்லையே" என்பது புலம்பெயர் சிற்றிதழ்கள்மீது இப்போது அடிக்கடி சொல்லப்படும் குறை. சொல்பவர்கள் எங்கள் நண்பர்கள்தாம். அப்பிளின் ஆப் ஸ்டோரிலும் கூகுள் பிளேயிலும் இதழைப் போட்டுவிட்டால் இளையவர்கள் வந்து வாசிப்பார்கள் என்று உண்மையாகவே நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையோடுதான் எனக்குப் பிணக்கு.

முதலில் பெயரைப் பார்ப்போம். தமிழில் சிலர் இதைச் 'செயலிச் சந்தை' என்று எழுதுகிறார்கள். சந்தையில் விலை சரிவராவிட்டால் சாக்கைத் தூக்கிக்கொண்டு இன்னொரு சந்தைக்குப் போகலாம். சுன்னாகம் இல்லையென்றால் மருதனார்மடம். ஐபோனில் அப்படிப் போக இடமில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் சட்டத்தின் பலத்தோடு வேறு கடைகளுக்குக் கதவைத் திறக்க வைத்தது. கனடாவில் இருக்கும் எங்களுக்கு அதுவும் கிடையாது. தோட்டக்காரர் கொண்டுவரும் நூறு கிலோ மரக்கறியில் பத்துக் கிலோவைக் 'கழிவு' என்று வியாபாரிகள் பிடிக்கும் வழக்கத்தை யாழ்ப்பாணத்தில் எத்தனை பேர் திட்டியிருக்கிறோம்! 2008 ஜூலையில் 500 செயலிகளோடு இந்தக் கடை திறந்தபோது அப்பிள் பிடித்த கழிவு 30 வீதம். அதைக் கண்டு வியந்தவர்களும் நாங்கள்தாம்.

"சிறியவர்களுக்கு 15 வீதம்தானே" என்பார்கள். உண்மை, 2021இலிருந்து அப்படித்தான். கணக்குப் பார்ப்போம். ஆண்டுச் சந்தா 40 டொலர் என்றால் 6 டொலர் கடைக்காரனுக்கு. செயலி செய்பவர் ஆண்டுதோறும் கட்டவேண்டிய 99 அமெரிக்க டொலர் தனி. முதல் மூன்று சந்தாதாரரின் காசு அதற்கே சரி.

ஆனால் காசு எனக்கு இரண்டாவது கவலை. ஒரு சிற்றிதழின் சொத்து அதன் முகவரிப் பட்டியல். யார் வாசிக்கிறார்கள், யார் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை, யாருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுக்கவேண்டும் என்பதெல்லாம் ஆசிரியரின் கொப்பியில் இருக்கும். அந்தக் கொப்பி இருப்பதால்தான் இதழ் இரண்டு வருடம் நின்றுபோய் மறுபடி வந்தாலும் வாசகர் கிடைக்கிறார்கள். கடைக்குள் சந்தா கட்டுபவர் அப்பிளின் வாடிக்கையாளர். அவரே சம்மதித்தால் ஒழிய அவருடைய பெயரும் மின்னஞ்சலும் இதழுக்கு வராது. 2011இல் இந்த விதிகள் வந்தபோது லண்டன் பினான்சியல் டைம்ஸ் அவற்றை ஏற்கவில்லை. உலாவியிலேயே இயங்கும் பதிப்பு ஒன்றைச் செய்துகொண்டு, அதே ஆண்டு ஆகஸ்டில் கடையிலிருந்து வெளியேறியது. பணமும் பெயரும் உள்ள பத்திரிகையே கொடுக்க மறுத்த பட்டியலை நாங்கள் ஏன் கையளிக்கவேண்டும்?

வாசலில் நிற்பவர் என்ன வாசிக்கிறார் என்பதையும் கேட்கவேண்டும். மார்க் ஃபியோரே என்ற அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரரின் செயலியை 2009 டிசம்பரில் அப்பிள் திருப்பி அனுப்பியது. பொதுவாழ்வில் உள்ளவர்களைக் கேலிசெய்கிறதாம். கேலிச்சித்திரக்காரர் வேறென்ன செய்வார்? அடுத்த ஏப்ரலில் அவருக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது, செய்தி பரவியது, செயலி உள்ளே போனது. எங்கள் கவிஞர் எந்தப் பரிசைக் காட்டி உள்ளே போவார்? 2016 டிசம்பரில் நியூயோர்க் டைம்ஸின் செயலிகளைச் சீனக் கடையிலிருந்து அப்பிள் அகற்றியது. உள்ளூர்ச் சட்டத்தை மீறுவதாக அந்த அரசு சொன்னது, அது போதுமாயிருந்தது. ஈழத்து அரசியலை எழுதும் இதழுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையா?

கள்ளச் செயலிகளிலிருந்து கடை எங்களைக் காக்கிறது என்பதில் ஓரளவு உண்மை உண்டு. வங்கிச் செயலிக்கு அது முக்கியம். சிறுகதைக்கு அல்ல.

நிலைப்பு என்பது இன்னும் பெரிய விஷயம். 2011இல் இதழ்களுக்கென்றே 'நியூஸ்ஸ்டாண்ட்' என்ற அலமாரியை அப்பிள் திறந்தது. பதிப்பாளர்கள் ஓடிப்போய் அடுக்கினார்கள். 2015இல் அலமாரியை எடுத்துவிட்டது. நீண்டகாலம் புதுப்பிக்காத செயலிகளை அகற்றும் வேலையை 2016இல் தொடங்கியது. அதாவது, கதைகள் அப்படியே இருந்தாலும், செயலியை உயிரோடு வைத்திருக்க ஒரு நிரலாளரைக் கெஞ்சிக்கொண்டே இருக்கவேண்டும். (சிற்றிதழுக்கு அச்சகக்காரரைக் கெஞ்சுவது போதாதென்று இது வேறு.) 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தையும், 2005இலிருந்து ஈழத்து நூல்களையும் இதழ்களையும் சேர்த்துவரும் நூலகத்தையும் இதனோடு ஒப்பிடுங்கள். மதுரைத் திட்டத்துக்காக உலகின் பல மூலைகளில் இருந்து தன்னார்வலர்கள் தட்டச்சுச் செய்த இலக்கியங்கள் எந்தக் கணினியிலும், எந்தக் கைத்தொலைபேசியிலும் திறக்கின்றன. எவரும் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளலாம். அவற்றுக்கு வாசற்காவலரும் இல்லை, ஆண்டுக் கட்டணமும் இல்லை.

நிலைமை மாறிவருகிறது என்றும் ஒரு வாதம் உண்டு. வெளியே பணம் கட்ட வழிகாட்டுவதை அப்பிள் தடுக்கக்கூடாது என்று 2021இல் கலிபோர்னிய நீதிமன்றம் சொன்னது. அப்பிள் வழிகாட்ட அனுமதித்தது, ஆனால் வெளியே கட்டும் பணத்திலும் 27 வீதம் வரை கேட்டது. உத்தரவை வேண்டுமென்றே மீறியிருக்கிறது என்று 2025 ஏப்ரலில் அதே நீதிபதி எழுதினார். 'போர்ட்நைட்' விளையாட்டைச் செய்த எபிக் நிறுவனம் இத்தனை வருடம் வழக்காடியது. எங்களால் ஒரு வக்கீல் கடிதத்துக்குக்கூடக் காசு சேர்க்கமுடியாது.

ஆசிரியர் குழுக்கள் செயலிக்கென்று ஒதுக்க நினைக்கும் பணத்தில் சிறிய திரையிலும் எழுத்து உடையாமல் தெரியும் இணையப் பக்கம் ஒன்றைச் செய்யலாம். அந்தப் பக்கத்தையே கைத்தொலைபேசியின் முகப்பில் ஒரு படமாக வைத்துக்கொள்ளலாம், முதியவரும் ஒரு தட்டலில் திறப்பார். இதழை ஈபப் கோப்பாகச் சந்தாதாரரின் மின்னஞ்சலுக்கு அனுப்பலாம். அனுப்பியதும் ஒரு பிரதியை நூலகத்துக்கும் கொடுக்கலாம். மீதிக் காசு இருந்தால், இதுவரை ஒரு சதமும் பெறாமல் எழுதிவருபவர்களுக்குக் கொடுங்கள்.