கடத்தி வந்த பூவுக்குக் கடத்தியவர் பெயர்!

பெரு நாட்டு மலைக்காட்டில் பூக்கும் ஓர் ஆர்க்கிட் செடி. அதைச் சட்டத்தை மீறி அமெரிக்காவுக்குக் கொண்டு போனவரின் பெயர்தான் இன்றும் அதன் அறிவியல் பெயர். குற்றத்தை அவரே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார், தண்டனையும் பெற்றார். பெயர் மட்டும் அசையவில்லை. இது என்ன நியாயம்?

கதை இதுதான். 2002 மே மாதம், பெருவின் வடபகுதியில் மொயோபாம்பா வட்டாரத்துச் சாலையோரக் கடை ஒன்றில் மைக்கேல் கோவாச் என்ற அமெரிக்கர் சில ஆர்க்கிட் செடிகளை வாங்கினார். பூ ஊதா கலந்த இளஞ்சிவப்பு நிறம். நடு இதழ் செருப்பின் முன்பக்கம் மாதிரி குழிந்து பையாக இருக்கும். அகலம் 20 செ.மீ. வரை போகும்! ஃபிராக்மிபீடியம் என்ற அந்தப் பேரினத்தில் இப்படி ஒரு பூவைத் தாவரவியலாளர் யாரும் அதுவரை விவரித்ததில்லை.

ஜூன் 5ஆம் தேதி அந்தச் செடி ஃபுளோரிடாவில் உள்ள மேரி செல்பி தாவரவியல் பூங்காவுக்கு வந்து சேர்ந்தது. ஜூன் 12ஆம் தேதி "ஃபிராக்மிபீடியம் கோவாச்சி" என்ற பெயருடன் அதன் விவரிப்பு அச்சில் வந்துவிட்டது. ஒரே வாரம்! சாதாரணமாக மாதக்கணக்கில் இழுக்கும் வேலை இது. ஏன் இந்த அவசரம்?

எரிக் கிறிஸ்டென்சன் என்ற இன்னொரு ஆர்க்கிட் நிபுணர், பெருவிலிருந்து கிடைத்த படங்களையும் தகவல்களையும் வைத்து அதே செடிக்கு "பெருவியானம்" என்ற பெயரைத் தயார் செய்துகொண்டிருந்தார். தாவரப் பெயரிடல் விதியில் முந்தியவருக்கே முதல் உரிமை. ஒரு நாள் முந்தினாலும் போதும். சில நாள் தாமதமாக வந்த "பெருவியானம்" வெறும் மறுபெயராகிப் போனது. செடியின் சொந்த நாட்டுப் பெயர் தோற்றது, வாங்கிக்கொண்டு போனவர் பெயர் வென்றது.

சட்டம் என்ன சொல்கிறது? அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தில், ஃபிராக்மிபீடியம் பேரினம் முழுவதும் முதல் பட்டியலில் இருக்கிறது. மிகக் கடுமையான பட்டியல் அதுதான். காட்டிலிருந்து எடுத்த செடியை எல்லை தாண்டிக் கொண்டுபோக ஏற்றுமதி செய்யும் நாட்டின் அனுமதியும் வேண்டும், இறக்குமதி செய்யும் நாட்டின் அனுமதியும் வேண்டும். கோவாச் கொண்டுபோன செடிக்கு அந்த அனுமதி இல்லை.

பூங்கா 2003இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 5,000 டாலர் அபராதம் கட்டியது. கோவாச்சுக்கு 2004இல் 2 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 1,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. செடிகளைக் காக்கவென்றே இருக்கிற ஒரு தாவரவியல் பூங்கா இப்படிச் செய்தால் அதை என்னவென்று சொல்வது? வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

"போகட்டும், ஒரு செடிதானே" என்று சிலர் சொல்லக்கூடும். ஒரு செடியோடு நின்றதா? சேதி பரவியதும் அந்தச் செடி முதலில் தெரியவந்த இடத்தைச் சேகரிப்பாளர்கள் வழித்துத் துடைத்துவிட்டார்கள். வியட்நாமில் நடந்தது இன்னும் மோசம். 1999இல் அங்கே ஒரு செருப்பு ஆர்க்கிட் புது இனமாக விவரிக்கப்பட்டு "பாஃபியோபெடிலம் வியட்நாமென்ஸ்" என்று பெயர் பெற்றது. சில ஆண்டுகளுக்குள் காட்டில் அதைத் தேடிப் பிடிப்பதே அரிதாகிவிட்டது. பணம் படைத்த ஆர்க்கிட் பிரியர்களுக்குப் "புது இனம்" என்ற சொல் விற்பனை அறிவிப்பு மாதிரி. அறிவியல் ஏடு அச்சான அன்றே விலை ஏறுகிறது.

பெருவும் வியட்நாமும் எங்கோ இருக்கின்றன என்று நினைக்க வேண்டாம். நம் பொதிகை மலையிலும் ஒரு செருப்பு ஆர்க்கிட் உண்டு. மஞ்சள் பூ. அந்த மலைத்தொடரைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. 1870களில் பெடோம் என்ற ஆங்கிலேயர் அதை விவரித்து, ட்ரூரி என்ற ராணுவ அதிகாரியின் பெயரைச் சூட்டினார். அதன் பின் சேகரிப்பாளர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். இன்று அது அழிவின் விளிம்பில் நிற்கிறது. மலை நம்முடையது, பெயரோ அவர்களுடையது!

இனி எதிர்த்தரப்பு வாதங்களைப் பார்க்கலாம்.

முதல் வாதம்: பெயர் என்பது அடையாளச் சீட்டு, நீதிமன்றத் தீர்ப்பு அல்ல, பெயரிடல் விதி போலீஸ் வேலை பார்க்கக் கூடாது. சரி. ஆனால் ஒருவரின் பெயரைச் செடிக்கு வைப்பது வெறும் சீட்டு ஒட்டுவதா? அது கௌரவம். அந்தக் கௌரவத்துக்கு ஆசைப்பட்டுத்தானே இத்தனை ஓட்டம்?

இரண்டாவது வாதம்: பெயர்களில் கை வைத்தால் அறிவியலே குழம்பிவிடும். 2024இல் மாட்ரிட் தாவரவியல் மாநாட்டில் என்ன நடந்தது? ஆப்பிரிக்க மக்களை இழிவுபடுத்தும் "காஃப்ரா" என்ற சொல் 200க்கும் மேற்பட்ட உயிரினப் பெயர்களில் இருந்தது. அதை "ஆஃப்ரா" என்று மாற்ற வாக்களித்தார்கள். வானம் இடிந்து விழவில்லை. மனம் இருந்தால் விதியைத் திருத்தலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மூன்றாவது வாதம்தான் கொஞ்சம் கனமானது. அனுமதி அனுமதி என்று நெருக்கினால் பல இனங்கள் பெயரே இல்லாமல் அழியும், பெயரில்லாததைச் சட்டம் காப்பாற்றாது என்கிறார்கள். அனுமதி வாங்க அலுவலகம் அலுவலகமாக அலையும் ஆய்வாளர்களின் கஷ்டம் உண்மைதான். ஆனால் கோவாச்சி விஷயத்தில் இந்த வாதம் செல்லாது. கடத்தல் செடியை ஏற்க மறுத்திருந்தால் அந்த இனம் அநாதையாகியிருக்காது. சில நாளில் வேறு பெயர் கிடைத்திருக்கும். இழப்பு யாருக்கு? முந்த நினைத்தவர்களுக்கு மட்டும்.

செய்ய வேண்டியது பெரிய வேலையும் அல்ல. புதுத் தாவரத்துக்குப் பெயர் வைக்கும்போது, ஆதாரமான மாதிரிச் செடி எந்தக் காப்பகத்தில் இருக்கிறது என்று எழுதியே ஆக வேண்டும். எழுதாவிட்டால் பெயர் செல்லாது. இது இப்போதே இருக்கும் விதி. அதற்குப் பக்கத்தில் இன்னும் ஒரு வரி சேர்க்கட்டும்: எந்த நாட்டில், எந்த அனுமதி எண்ணின் கீழ் அந்த மாதிரி எடுக்கப்பட்டது? அந்த வரி இல்லாத புதுப்பெயர் செல்லாது என்று சொல்லட்டும். முந்தியவருக்கே உரிமை என்பது அப்படியே இருக்கட்டும், நேர்வழியில் முந்தியவருக்கு!

பழைய பெயர்களைத் தோண்டக்கூட வேண்டாம், இனி வருபவற்றுக்காவது இதைச் செய்யலாம். மாதிரி இருக்கும் அலமாரியின் முகவரியைக் கேட்கத் தெரிந்த விதிக்கு, அந்தச் செடி வந்த வழியைக் கேட்க மட்டும் ஏன் வாய் வரவில்லை?