வெளிச்சம் யாருக்கு?

உப்பு ஏற்றிச் சென்ற உமணர்கள், மேடு பள்ளத்தில் அச்சு முறிந்தால் என் செய்வது என்றெண்ணி, வண்டியின் அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றனர் என்கிறது புறநானூறு. வண்டியையும் வழியையும் ஒருங்கே அறிந்தவர்கள் அவர்கள். உப்பு விளையும் மரக்காணத்தில் பிறந்த நானோ, தாய்மாமனின் பழைய மோட்டார் சைக்கிளுக்கு முகப்பு விளக்கு மாற்றியபோது இரண்டையும் மறந்தேன்.

அந்த விளக்கு அகல்விளக்குப் போல மினுக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் எதிரே ஒரு பேருந்து வந்து கடந்தால், சில நொடிகளுக்குச் சாலையின் ஓரமே தெரியாது. பொறுக்கமாட்டாமல், எல்.இ.டி. பல்பு ஒன்றை வாங்கி மாட்டினேன். இரவு பகலாயிற்று! நண்பர்கள் பாராட்டினர்.

மறுவாரம், விடியுமுன் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். வெயில் ஏறுமுன் உப்பு வாரியாக வேண்டுமே என்று, பெண்கள் சிலர் உப்பளத்திற்கு நடந்து வந்துகொண்டிருந்தனர். என் வெளிச்சம் பட்டதும் முன்னே வந்த அம்மாள் கையால் கண்ணை மறைத்தார். ஓரம் என்று நினைத்துச் சாலைக்குள்ளேயே கால் வைத்துவிட்டார். எப்படியோ பிரேக் பிடித்து நின்றேன். அவர் திட்டவில்லை. “ஒனக்கு ரோடு தெரியுது தம்பி, எங்களுக்கு இருட்டாப் போச்சேப்பா” என்றார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

இயற்பியல் படிக்கும் நான் அன்றுதான் விளக்கைக் கழற்றிப் பார்த்தேன். உப்புக் காற்றில் செப்பு இணைப்புகள் பச்சை பூத்திருந்தன. எர்த் கம்பி துருவேறிக் கிடந்தது. பிரதிபலிப்பானில் வெள்ளிப் பளபளப்பே இல்லை. இழை பல்புக்குக் கிடைக்கும் மின்னழுத்தம் 10 விழுக்காடு குறைந்தாலே வெளிச்சம் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்துவிடும். ஜாவா, ராஜ்தூத் போன்ற 6 வோல்ட் வண்டிகளில் இது இன்னும் கொடிது. 35 வாட் பல்புக்கு 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் போதும். 6 வோல்ட்டிலோ 6 ஆம்பியர் வேண்டும். ஆகவே அதே துரு அங்கே நான்கு மடங்கு கெடுதல் செய்யும். குறை பல்பில் அன்று, கம்பியில் இருந்தது!

சரி, புது பல்பு ஏன் கண்ணைக் குத்தியது? இரட்டை இழை ஹாலஜன் பல்பில் தாழ்ஒளி இழையின் கீழே சிறு உலோகக் கிண்ணம் உண்டு. அது கீழ்நோக்கிய ஒளியைத் தடுக்க, பிரதிபலிப்பானின் மேல்பாதி மட்டும் ஒளியைச் சாலையில் இறக்குகிறது. இழை இருந்த இடத்தில் மிகச் சரியாக ஒளி பிறக்காத எல்.இ.டி. பல்பை அதே கூட்டில் செருகினால், ஒளி நாற்புறமும் சிதறும். சிதறிய ஒளி சாலைக்கு அன்று, எதிரே வருபவர் கண்ணுக்கே போகும்.

1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஆவது விதி இதைத்தான் சொல்கிறது. விளக்குக்கு 8 மீட்டர் முன்னே, அரை மீட்டர் வலப்புறம், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் உள்ள கண் கூசாதபடி ஒளி தாழ்ந்திருக்க வேண்டுமாம். ஒன்றரை மீட்டர் என்பது ஏறக்குறைய அந்த அம்மாளின் கண் உயரம் அன்றோ!

“எதிரில் வருகிறவன் என் கண்ணைக் குருடாக்குகிறான், நான் மட்டும் ஏன் மங்கலாகப் போக வேண்டும்?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். மங்கலாகப் போகச் சொல்லவில்லை. முதலில் இணைப்புகளைச் சுரண்டித் துடையுங்கள். எர்த் கம்பியைப் புதிதாகப் போடுங்கள். பேட்டரியிலிருந்து தடித்த கம்பியை ரிலே வழியே நேரே விளக்குக்குக் கொண்டு செல்லுங்கள். பளபளப்புப் போன பிரதிபலிப்பானை மாற்றுங்கள். வண்டிக்கு உரிய வாட் அளவை மீறாதீர்கள். மீறினால் பேட்டரி வற்றும், ஹோல்டர் உருகும். இறுதியாக, ஆள் ஏறி அமர்ந்தபடி ஒரு சுவரின் எதிரே வண்டியை நிறுத்துங்கள். தாழ்ஒளி விளக்கின் உயரத்திற்குக் கீழே விழுகிறதா என்று பாருங்கள். நான் இவ்வாறே செய்தேன். பழைய வகை பல்பிலேயே இன்று சாலையின் ஓரம் தெரிகிறது.

எதிர் வண்டிக்காரனுக்குப் பதிலடி கொடுக்க அவனிடமும் ஒரு விளக்கு இருக்கிறது. நடந்து வரும் உப்பளத் தொழிலாளிக்கு என்ன இருக்கிறது? நாம் உண்ணும் உப்பை விளைவிப்போர் நடக்கும் சாலை அது. அவர்களுக்கும் வழி தெரியட்டும். எதிரே வருபவரைக் குருடாக்கும் ஒளி எவ்வளவு பெரிதாயினும், அது வெளிச்சம் ஆகாது என்பதே என் கருத்து.