நோயை மறைக்க வைத்த பயம்



இம்மாதம் ஒரு கேள்வியோடு உங்களிடம் வருகிறேன். உங்கள் வீட்டில் ஒருவருக்குத் தொற்றுநோய் என்று சந்தேகம் வந்தால் அதை முதலில் யாரிடம் சொல்வீர்கள்? வைத்தியரிடமா? அல்லது யாரிடமும் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொள்வீர்களா?

"இதென்ன கேள்வி, வைத்தியரிடம்தான்" என்று இன்று எல்லோரும் சொல்வோம். ஆனால் 2020, 2021ஆம் ஆண்டுகளில் நமது வீடுகள் பல கதவைச் சாத்திக்கொண்டன. ஏன் சாத்தின என்பதை நாம் இதுவரை நிதானமாகப் பேசவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5ஆம் திகதி கொவிட் அவசரநிலை முடிந்தது என்று அறிவித்துவிட்டது. நோய் முற்றாகப் போய்விடவில்லை, பயம்தான் அடங்கியிருக்கிறது. பயம் அடங்கியிருக்கும் காலமே பாடம் படிக்க ஏற்ற காலம்.

முதலில் அந்த நாட்களைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்வோம். 2020 மார்ச் 20ஆம் திகதி மாலை நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் வந்தது. பள்ளிவாசல்கள் பூட்டப்பட்டன. அவ்வருட ரமழானில் தராவீஹ் தொழுகை வீட்டு முன்றலுக்கு வந்தது. பெருநாள் தொழுகையும் வீட்டிலேயே. மே மாதத்தில் அடையாள அட்டையின் கடைசி இலக்கம் பார்த்து வெளியே போகும் முறை வந்தது. 1, 2 என்று முடிந்தால் திங்கள், 3, 4 என்றால் செவ்வாய், இப்படியே 9, பூச்சியம் என்றால் வெள்ளி. வாப்பாவின் இலக்கத்துக்குரிய நாளில் சந்தை பூட்டு, சந்தை திறக்கும் நாளில் வீட்டில் யாருடைய இலக்கமும் பொருந்தாது! அரிசிப் பானையைப் பார்த்து நாள் எண்ணிய தாய்மாருக்கு அந்தக் கணக்கு இன்னும் மறந்திருக்காது.

2019 ஏப்ரலில், உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பின் பின்னர், முகத்தை மூடக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். ஒரு வருடம் கழிந்ததும் மூக்கையும் வாயையும் மூடாமல் வெளியே வந்தால் குற்றம் என்றார்கள். இரண்டுக்கும் பணிந்து நடந்தவர்கள் நமது பெண்கள்.

பிறகும் சட்டங்கள் மாறிக்கொண்டே இருந்தன. 2021 தொடக்கத்தில் காத்தான்குடி தனிமைப்படுத்தப்பட்டது. மே 21 முதல் ஒரு மாதம் பயணத்தடை. ஆகஸ்ட் 20 முதல் அக்டோபர் முதலாம் திகதி வரை மீண்டும் ஊரடங்கு. நோயாளியோடு பழகியவர்களுக்கு 14 நாள் தனிமை என்றிருந்தது பின்னர் குறைந்தது. கோவிஷீல்ட் ஊசி 2021 ஜனவரி 29இல் தொடங்கியது. இந்தியாவிலிருந்து வரவு நின்றதும், முதல் ஊசி போட்ட இலட்சக்கணக்கானோர் இரண்டாவது ஊசிக்காகக் காத்திருந்தார்கள். பின்னர் சினோபார்ம் வந்தது. அதற்குப் பிறகு பைசர் வந்தது.

"நேற்று ஒன்று, இன்று ஒன்று, இவர்களுக்கே தெரியாததை நாம் ஏன் கேட்க வேண்டும்?" என்று அப்போது பலர் கேட்டார்கள். சகோதரிகளே! சட்டம் மாறியதெல்லாம் பொய் என்பதால் அல்ல. புதிய நோயைப் பற்றிய அறிவு மாதத்துக்கு மாதம் வளர்ந்தது. அறிவு வளர்ந்தால் ஆலோசனையும் மாறத்தான் செய்யும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முதல் நாள் ஒரு மருந்து தரும் வைத்தியர், மூன்றாம் நாள் இரத்தம் சோதித்துவிட்டு வேறு மருந்து தருவதில்லையா? அப்போது அவரைப் பொய்யர் என்று நாம் சொல்வதில்லை.

ஆனால் அந்த மாற்றங்களுக்கு நடுவில், நோயின் அறிவோடு சம்பந்தமில்லாத ஒரு சட்டமும் இருந்தது. நமது வீடுகளின் கதவைச் சாத்த வைத்தது அதுதான்.

அதைச் சொல்லுமுன் நமது பிரதேசத்துப் பெருந்தெரு ஒன்றை உங்கள் கண்முன் கொண்டுவர வேண்டும். மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் பாதையில் காத்தான்குடி, ஆரையம்பதி, கிரான்குளம் தாண்டினால் குருக்கள்மடம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. நடுவில் தமிழ்ச் சகோதரர்கள் வாழும் அமைதியான கிராமம். அந்த இடம் வந்ததும் பஸ்ஸுக்குள் இருக்கும் நமது மூத்தவர்களின் பேச்சு நின்றுவிடும். உதடுகள் மட்டும் துஆவில் அசையும். 1990 ஜூலையில், ஹஜ் கடமையை முடித்துத் திரும்பியவர்களும் வியாபாரிகளுமாக அவ்வழியே வந்த நமது மக்களை விடுதலைப் புலிகள் மறித்துக் கடத்திக் கொன்றார்கள். ஜனாஸாக்கள் குடும்பத்தாரிடம் வரவேயில்லை. குளிப்பாட்டவில்லை, கபனிடவில்லை, ஸியாரத் செய்ய ஒரு கப்று இல்லை. அவ்விடத்தைத் தோண்டிப் பார்க்கும் விடயம் 2025இலும் களுவாஞ்சிக்குடி நீதிமன்றத்தில் பேசப்பட்டது. முப்பத்தைந்து வருடங்களாக ஒரு கைப்பிடி மண்ணுக்காகக் காத்திருக்கும் விதவைகள் நம்மிடையே இருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட ஒரு சமூகத்திடம் வந்து, "உங்கள் மையித்தை நீங்கள் அடக்க முடியாது, நாங்கள் எரிப்போம்" என்று சொன்னால் அது எப்படிக் கேட்டிருக்கும்?

அதைத்தான் 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி சொன்னது. கொவிட் நோயால் மரணித்த எவரையும் அடக்கம் செய்ய முடியாது, எரிக்க வேண்டும் என்றது. அடக்கம், எரித்தல் இரண்டுக்கும் இடமுண்டு என்று உலக சுகாதார நிறுவனம் மார்ச் மாதமே கூறியிருந்தது. நிலத்தடி நீரில் கிருமி கலக்கும் என்று இங்கே சொல்லப்பட்ட காரணத்துக்கு ஆதாரம் கிடையாது. வழக்குப் போட்டோம், 2020 டிசம்பர் முதலாம் திகதி உயர் நீதிமன்றம் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. அதே மாதம், பிறந்து இருபதே நாளான ஒரு பச்சிளம் பிள்ளையின் உடல் பெற்றோரின் சம்மதமின்றி எரிக்கப்பட்டது. கொழும்பு கனத்தை மயான வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். முஸ்லிம்கள் மட்டுமல்ல, சிங்களவரும் தமிழரும் கிறிஸ்தவரும் வந்து கட்டினார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது.

சகோதரிகளே! கதவு சாத்தப்பட்டது இந்த இடத்தில்தான். மூத்தம்மாவுக்குக் காய்ச்சல், மூச்சு இளைக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பி.சி.ஆர். எடுப்பார்கள். நோய் இருக்கிறது என்று வந்து, அவர் மௌத்தாகிவிட்டால்? "என்னை நெருப்பில் போட விடாதீங்க மகள்" என்று அவரே கையைப் பிடித்துக்கொள்கிறார். அந்த மகள் என்ன செய்வாள்? கொத்தமல்லி அவித்துக் கொடுத்தாள், பரசிட்டமோல் கொடுத்தாள், யாஸீன் ஓதினாள், கதவைச் சாத்தினாள். பரிசோதனைக் குச்சிக்கு அவள் பயப்படவில்லை. அதன் பின்னால் நின்ற நெருப்புக்குத்தான் பயந்தாள்.

இது அவளுடைய மூடத்தனம் என்று யாரும் சொல்ல வேண்டாம். ஆயினும் சாத்திய கதவுக்குள் நோய் நின்றுவிடவில்லை என்பதையும் நாம் ஒத்துக்கொள்ள வேண்டும். மருமகளுக்கு வந்தது, பேரப்பிள்ளைக்கு வந்தது, பக்கத்து வீட்டுக்கும் போனது. ஒக்சிசன் கொடுத்தால் பிழைத்திருக்கக்கூடியவர்கள் நேரம் பிந்தி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சுகாதாரத்தோடு அவமானத்தைச் சேர்த்துக் கட்டினால், மக்கள் அவமானத்துக்குப் பயந்து சுகாதாரத்தையும் விட்டு ஓடுவார்கள். ஆளுகிறவர்கள் படிக்க வேண்டிய பாடம் இது.

2021 பெப்ரவரி 25ஆம் திகதி வர்த்தமானி மாற்றப்பட்டது. மார்ச் 5ஆம் திகதி நமது மட்டக்களப்பு மாவட்டத்திலேயே, ஓட்டமாவடியில் முதல் அடக்கம் நடந்தது. அடுத்த வருடம் மார்ச் வரை அங்கே 3,600க்கும் மேற்பட்டோர் அடக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் முஸ்லிம்கள். ஆனால் இந்துக்களும் பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும் அதே மண்ணில் உறங்குகிறார்கள். தம் உறவை மண்ணுக்குக் கொடுக்க விரும்பியவர்கள் நாம் மட்டுமல்ல. 2024 ஜூலையில் கட்டாய எரிப்புக்காக மன்னிப்புக் கோர அமைச்சரவை தீர்மானித்தது. அதற்குள் 270க்கும் மேற்பட்ட முஸ்லிம் ஜனாஸாக்கள் எரிந்து முடிந்திருந்தன.

உறவினரை அப்படி இழந்த சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. அந்தக் குற்றம் உங்கள் மீது இல்லை. சாம்பலானாலும் கடலில் கரைந்தாலும் எழுப்புவது அல்லாஹ்வுக்குக் கடினமல்ல. கொள்ளைநோயில் மரணித்த முஃமின் ஷஹீதின் கூலியைப் பெறுவார் என்று நபி (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறியிருக்கிறார்கள். காயிப் ஜனாஸா தொழுவதற்கு நமது ஷாபிஈ மத்ஹபில் இடமுண்டு. மனம் பாரமாகும்போது துஆச் செய்யுங்கள்; தடுத்திருக்கலாமே என்று உங்களையே நோகாதீர்கள்.

இனி நம் பக்கத்துப் பாடம். பள்ளிவாசலைப் பூட்டியதும் ஊரைத் தனிமைப்படுத்தியதும் ஈமானுக்கு விரோதம் என்று சிலர் பேசினார்கள். கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் போகவும் வேண்டாம், அங்கிருப்பவர் அதை விட்டு ஓடவும் வேண்டாம் என்று பணித்தவர்கள் நமது நபி (ஸல்) அவர்களே. உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்துக்குப் போகும் வழியில் ஸர்ஃ என்ற இடத்தில் நோய்ச் செய்தி கேட்டுத் திரும்பினார்கள். "அல்லாஹ்வின் கத்ரிலிருந்து ஓடுகிறீர்களா?" என்று அபூஉபைதா (ரலி) கேட்டபோது, ஒரு கத்ரிலிருந்து அல்லாஹ்வின் இன்னொரு கத்ருக்கே போகிறோம் என்ற கருத்தில் பதிலளித்தார்கள். பரிசோதனையும் ஊசியும் அந்த இன்னொரு கத்ரில் அடங்கியவைதாம்.

பெண்கள் அக்காலத்தில் அடிக்கடி கேட்ட மூன்று கேள்விகளுக்கும் இங்கே பதில் சொல்லிவிடுகிறேன். நோன்போடு தடுப்பூசி போடலாமா? போடலாம். ஊசி மருந்து தசைக்குள் போகிறது. திறந்த துவாரம் வழியாக உடலின் உட்பகுதியை அடைவதில்லை. ஆகவே நோன்பு முறியாது. இத்தாவில் இருப்பவர் பரிசோதனைக்கும் ஊசிக்கும் வெளியே போகலாமா? தேவைக்காகப் பகலில் போகலாம். கையின் மேற்பகுதியைக் காட்ட வேண்டுமே என்றால், பெண் தாதியைக் கேளுங்கள். இல்லாவிடில் தேவையான அளவு மட்டும் திறப்பது மருத்துவத் தேவைக்காக ஆகுமானது.

தடுப்பூசி அந்நியர் கொண்டுவந்த சூழ்ச்சி என்று பேசுகிறவர்களுக்கு ஒரு சரித்திரச் செய்தி. 1717இல் உதுமானியப் பேரரசில் பிரித்தானியத் தூதுவரின் மனைவி மேரி வோர்ட்லி மொண்டேகு, அங்கே வயதான பெண்கள் பெரியம்மைப் புண்ணிலிருந்து எடுத்த பொருளை ஊசியால் பிள்ளைகளின் தோலில் ஏற்றிக் கடும் நோயிலிருந்து காப்பதைக் கண்டார். தம் மகனுக்கும் அவ்வாறே செய்வித்து, அந்த முறையைத் தம் நாட்டில் பரப்பினார். அதைவிட ஆபத்துக் குறைந்த முறையை ஜென்னர் 1796இல் கண்டது அதன் பின்னர்தான். முஸ்லிம் நாட்டுப் பெண்களின் கையிலிருந்து ஐரோப்பா கற்ற வித்தையை நாம் அந்நியமாக நினைக்கலாமா?

ஊசி போட்டால் நோயே வராது என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. வந்தாலும் கடுமையாகாமல், உயிரைக் கொண்டுபோகாமல் காப்பதே அதன் பெரிய பலன். கடுமையான பக்கவிளைவுகளும் அரிதாக உண்டு. அதனால்தான் ஊசி போட்ட பின் சிறிது நேரம் உட்கார்ந்திருக்கச் சொல்கிறார்கள். சந்தேகம் இருந்தால் வதந்தியிடம் கேட்காமல் வைத்தியரிடமும் உங்கள் ஊர்க் குடும்ப சுகாதார மருத்துவ மாதிடமும் கேளுங்கள்.

சகோதரிகளே! இது பழங்கதை அல்ல. நம் நாட்டில் கடைசியாகப் போலியோ கண்டது 1993இல். அந்த நோயை விரட்டியது, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளினிக் வாசலில் காத்திருந்த தாய்மாரின் பொறுமை. கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்க 2017இலிருந்து ஆறாம் தர மாணவிகளுக்குப் பாடசாலையில் ஊசி ஏற்றுகிறார்கள். அதற்கான சம்மதப் படிவம் உங்கள் மகளின் புத்தகப் பைக்குள் வரும்போது, ஒப்பமிடுவதா மறுப்பதா என்ற முடிவு உங்கள் கையில் இருக்கும். 2020இன் கசப்பை அந்தப் படிவத்தின் மேல் ஊற்றாதீர்கள். அன்று நமக்கு அநீதி செய்தது ஒரு சட்டம்; மருந்து அல்ல. அநீதியை எதிர்த்துப் பேசிய அதே நாவால் நோயையும் ஒளிக்காமல் சொல்லப் பழகுவோம். இரண்டும் நம் மீதுள்ள அமானிதம்.

ஓட்டமாவடி மண்ணில் உறங்கும் முஃமின்களுக்கும், மண் கிடைக்காமல் எரிக்கப்பட்ட முஃமின்களுக்கும், குருக்கள்மடத்தில் கப்றும் தெரியாமல் போன நமது ஹாஜிகளுக்கும் அல்லாஹ் மஃபிரத் செய்வானாக. நமது வீடுகளுக்கு ஆரோக்கியத்தையும், உண்மையைச் சொல்லும் தைரியத்தையும் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.