அரங்கேற்றமும் அவையோர் உரிமையும்

கச்சியப்பர் கந்தபுராணத்தைக் காஞ்சிக் குமரகோட்டத்தில் அரங்கேற்றியபோது, முதற் செய்யுளின் புணர்ச்சிக்கே அவையோர் தடை நிகழ்த்தினர் என்பது எம் யாழ்ப்பாணத்துப் புராணபடன மண்டபங்களில் வழங்கும் கதை. தடை கூறுதல் அவையின் உரிமை.

2010 யூன் 7 இல் சான்பிரான்சிஸ்கோவில் அப்பிள் நிறுவனத்தார் ஐபோன் 4 ஐ அரங்கேற்றினர். இணையத் தொடர்பின்றிச் செயல்விளக்கம் இடறிற்று. மண்டபத்துள் 570 வைஃபை நிலையங்கள் இயங்குகின்றன என்ற ஸ்டீவ் ஜொப்ஸ், மடிக்கணினிகளை மூடிவைக்குமாறு அவையோரை வேண்டினார். செய்தியாளர் உடனுக்குடன் செய்தி விடுத்துக்கொண்டிருந்ததோ அவற்றின் வழியாகவே! நெரிசல் மெய்யே, ஆயினும் கருவி இடறியதும் செய்தியன்றோ? அவ்வாண்டு செப்டெம்பர் விழாவை நிறுவனமே நேரலையாக ஒளிபரப்பிற்று. அதனைக் காண அந்நிறுவனத்தின் கருவியே வேண்டியிருந்தது.

அண்மையில் என் மாணவனொருவன் ஏதோவொரு கைப்பேசியின் அறிமுக விழாவை, அதனைச் செய்தோரின் ஒளிபரப்பிலேயே கண்டு, “குறையொன்றும் இல்லை, ஐயா” என்றான்.