எங்கள் மலையில் சிவப்பு என்றால் தளிர்

"நமக்கு இலையுதிர் காலமே இல்லையே!" கொரிய நாடகங்களில் மேப்பிள் மரங்களைக் கண்ட நாள்முதல் எங்கள் உயர்தர வகுப்பின் ஏக்கம் இதுதான். சென்ற தவணையில் ஹட்டனிலிருந்து ஹோர்ட்டன் சமவெளிக்கு ஒருநாள் சுற்றுலா போய்வந்த பின், அந்த ஏக்கம் தேவையற்றது என்பதே என் கருத்து.

கடல்மட்டத்திலிருந்து 2,100 மீற்றர் உயரத்தில் மூடுபனி விலகியதும், குடை விரித்தாற்போல் நின்ற கீன மரங்களின் உச்சி சிவந்து தெரிந்தது. "இலை உதிரப் போகுது!" என்று கூவினோம். உயிரியல் டீச்சர் சிரித்தார். "இல்ல பிள்ளைகள், இப்பதான் பிறந்திருக்கு" என்றார்.

குளிர் நாடுகளில் பகல் குறுகிக் குளிர் வரும்போது இலையின் பச்சையம் சிதைந்து ஏனைய நிறங்கள் வெளிப்படுகின்றன. பூமத்திய கோட்டுக்கு ஏறத்தாழ 7 பாகை வடக்கே வாழும் நமக்குப் பகலின் நீளம் பெரிதாக மாறுவதில்லை. இங்கே பல மரங்கள் தளிர்விடும்போதே சிவக்கின்றன. அந்தோசயனின் என்ற நிறப்பொருள் இளம் இலையைக் கடும் வெயிலிலிருந்து காக்க உதவுகிறது என்கிறார்கள்.

திரும்பும் வழியில், சென் கிளயார் நீர்வீழ்ச்சிக்கு அருகே தேயிலைச் செடிகளுக்குள் நுழைந்து படம் எடுத்தோம். கூடை சுமந்த ஓர் அம்மா சொன்னார்: "படம் எடுங்க புள்ளைகளா, கொழுந்த மட்டும் ஒடச்சிராதீங்க. கிலோ கொறைஞ்சா அரைப்பேருதான் போடுவாங்க."

என் பக்கத்தில் முறிந்து தொங்கிய கொழுந்தைப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

ஹட்டன் கடைத்தெருவில் வளர்ந்தவள் நான். வாப்பாவின் கடைக்கு வருவோரில் பெரும்பாலோர் தோட்டத்து மக்கள். ஆனாலும் 'அரைப்பேர்' என்றால் அரைநாள் சம்பளம் என்பதை அன்றிரவு வாப்பா சொல்லித்தான் அறிந்தேன். மேப்பிளின் பெயர் மட்டும் எப்போதோ தெரிந்திருந்தது!

தேயிலையைத் தன்பாட்டில் விட்டால் மரமாகிவிடும். கவ்வாத்து வெட்டி, ஏறத்தாழ வாரத்துக்கொரு முறை கொழுந்து பறிப்பதால்தான் மலை இப்படி இளமையாக நிற்கிறது. நாம் ரசிக்கும் அந்தப் பசுமை பலருடைய உழைப்பு.

சுற்றுலா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போகுமுன் நம் மரங்களில் பத்தின் பெயரையாவது அறிந்துகொண்டு போவோம். தேயிலைக்குள் கால்வைக்குமுன் அங்கே வேலை செய்பவரிடம் ஒரு வார்த்தை கேட்போம்.

கீன மரத்தின் பெயரைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்ட நான், அந்த அம்மாவின் பெயரைக் கேட்காமலே பஸ் ஏறிவிட்டேன். அடுத்து போகும் தங்கைகளே, நீங்களாவது கேளுங்கள்.