சமையலறை அலமாரிக்கு மூன்று கொட்டேஷன்

போன ஐப்பசி மழையின்போது எங்கள் வீட்டுச் சமையலறையில் மேடைக்குக் கீழே இருந்த அலமாரியின் கதவு என் கையோடு வந்துவிட்டது. கீல் நன்றாகத்தான் இருந்தது. கீலைப் பிடித்துக்கொண்டிருந்த பலகைதான் மாவாக உதிர்ந்துவிட்டது. பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே விரலால் குத்திப் பார்த்தேன். ஊறின ரஸ்க்கில் போவது மாதிரி விரல் உள்ளே போயிற்று. 2004-ல் போட்ட அலமாரி. அன்றைக்குக் கடைக்காரர் "இம்போர்ட்டட் போர்டு சார்" என்றார். மரத்தூளைப் பசை போட்டு அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டு அது என்று இத்தனை வருஷம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஓரத்தில் தண்ணீர் பட்டால் உப்பிவிடும். உப்பின இடத்தில் ஸ்க்ரூ மறுபடி பிடிக்காது. நம் புதுச்சேரியில், அதுவும் கடலுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு, இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

பிரான்சில் இருக்கும் மகன் வீடியோவில் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுட்டு மாடுலர் கிச்சன் பண்ணிடுங்கப்பா, பணம் அனுப்பறேன்" என்றான். அவன் ஐக்கியாவில் பெட்டி பெட்டியாக வாங்கி வந்து, இரண்டு சனி ஞாயிற்றில் தானே மாட்டிக்கொண்டவன். "பணம் இருக்கட்டும், முதலில் கொட்டேஷன் வாங்கறேன்" என்றேன். எல்.டி.சி.யாகச் சேர்ந்து காலம் முழுக்கக் கோப்பு தள்ளினவன் வாயில் வேறு என்ன வரும்?

கொட்டேஷன் என்றதும் எனக்கு ஒரு பழைய கோப்பு ஞாபகத்துக்கு வரும். எண்பதுகளில் நான் இருந்த அலுவலகத்தில் ரெக்கார்டு ரூமுக்கு இரும்பு ரேக் வாங்கினோம். மூன்று கொட்டேஷன், ஒப்பீட்டுப் பட்டியல், குறைந்த விலைக்கு எல்-1 என்று சிவப்பு மையில் ஒரு வட்டம். "எல்-1 ஏற்கப்படலாம்" என்று குறிப்பு எழுதியவன் நான்தான். இரண்டு மழைக்காலம் போனதும் தட்டுகள் நடுவில் தொங்க ஆரம்பித்தன. பிறகு எடுத்துப் பார்த்தால், ஒருவர் 20 கேஜ் தகட்டுக்கு விலை சொல்லியிருக்கிறார், எல்-1 காரர் 22 கேஜுக்குச் சொல்லியிருக்கிறார். கேஜ் எண் கூடக்கூடத் தகடு மெலிசு. நாங்கள் கேட்ட கடிதத்தில் 'ஸ்டீல் ரேக்' என்று மட்டும்தான் இருந்தது. தப்பு விற்றவர் மேல் இல்லை, கேட்டவர் மேல்.

பிரெஞ்சு வழியில் படித்த என் வயதுக்காரர்களுக்கு ஒன்று ஞாபகம் இருக்கலாம். கணக்கில் மீட்டரையும் லிட்டரையும் சேர்த்துக் கூட்டிவிட்டால் வாத்தியார் தொர்ஷோனையும் செர்வியேத்தையும் கலக்காதே என்பார். அடுப்படித் துணியை, சாப்பாட்டு மேசையில் மடித்து வைக்கும் துணியோடு சேர்க்காதே என்று அர்த்தம். சமையலறை வேலைக்கு விலை கேட்கப் போனபோது எனக்கு அது தினமும் ஞாபகம் வந்தது.

எங்கள் மேடை 'எல்' வடிவம். பத்தடியும் ஆறடியும் சேர்த்துப் பதினாறு அடி நீளம். கீழ் அலமாரி இரண்டரை அடி உயரம் என்றால் 40 சதுர அடி. மேல் அலமாரி பத்தடிக்கு இரண்டடி, அது 20. மொத்தம் 60.

முதலில் ஒரு ஷோரூம். ஏசி, காப்பி, கம்ப்யூட்டரில் படம். சதுர அடி 1,650 ரூபாய், ஆக 99,000. இரண்டாவது இடத்தில் சதுர அடிப் பேச்சே இல்லை, வரி சேர்த்து 'பேக்கேஜ்' 1,85,000, சிம்னி இலவசம். மூன்றாவது, எங்கள் வீட்டுக்கு முன்பே ஜன்னல் வேலை செய்த ஆசாரி. அவர் சாமானை நாம் வாங்கித் தரவேண்டும், கூலி சதுர அடிக்கு 450 என்றார். ஒரு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். தண்ணீர் தாங்கும் ப்ளைவுட் எட்டு ஷீட், ஷீட்டுக்கு 32 சதுர அடி, அடி 115 ரூபாய் வீதம் 29,440. லேமினேட் வெளியே மூன்றும் உள்ளே எட்டும், 12,600. கீல், சேனல் 9,500. எவர்சில்வர் கூடைகள் 14,000. பின்பக்க மெலிசு ப்ளை, பசை, ஆணி, ஓரப்பட்டை 6,500. கூலி 27,000. கூட்டினால் 99,040.

மகனிடம் சொன்னேன். "அப்பா, ஷோரூமே நாற்பது ரூபாய் கம்மி! அப்புறம் எதுக்கு ஆசாரி?" என்றான். தொர்ஷோனும் செர்வியேத்தும்!

ஷோரூமுக்கு மறுபடி போய், இந்த 99,000-ல் எது எது அடங்கும் என்று தாளில் எழுதித் தரச் சொன்னேன். அந்தப் பெண் நல்ல பெண்தான், மேனேஜரைப் பார்த்துப் பார்த்து எழுதினாள். கூடைகளும் மெதுவாக மூடும் கீல்களும் தனி, 38,000. இரண்டுக்கும் சேர்த்து ஜி.எஸ்.டி. 18 சதவீதம், 24,660. பழையதைப் பிரிக்கவும் வண்டி வாடகைக்கும் 6,000. ஆக 1,67,660. உள்பெட்டி எதில் செய்கிறீர்கள் என்றேன். "ப்ரீ-லேமினேட்டட் பார்ட்டிகிள் போர்டு சார்." இருபது வருஷம் முன்னால் நான் ஏமாந்த அதே பண்டம், பெயருக்கு முன்னால் ஒரு சொல் கூடியிருக்கிறது. பத்து வருஷ வாரண்டி உண்டு என்றாள். அட்டையைப் புரட்டினால், தண்ணீரால் வரும் சேதத்துக்குப் பொருந்தாது என்று பொடி எழுத்தில் இருந்தது. சமையலறையில் வேறு எதனால் சேதம் வரும்?

பேக்கேஜ்காரரிடம் கேட்டேன்: "சிம்னி வேண்டாம், எவ்வளவு குறைப்பீங்க?" கொஞ்சம் யோசித்து, "பதினோராயிரம்" என்றார். இலவசத்தின் விலை 11,000! ஆனால் நியாயமாகச் சொல்லவேண்டும். அவர் உள்பெட்டிக்கு நல்ல ப்ளைவுட்தான் எழுதிக் கொடுத்தார், தொழிற்சாலையில் ஒட்டும் ஓரப்பட்டை ஆசாரி கையால் ஒட்டுவதைவிடச் சுத்தமாக நிற்கும்.

ப்ளைவுட்டிலும் ஜாதி உண்டு. எம்.ஆர். என்று எழுதியிருப்பது, கடைக்காரர்கள் கமர்ஷியல் ப்ளை என்பது, ஈரப்பதம் வரைக்கும் தாங்கும். ஒழுகும் தொட்டிக்குக் கீழே நிற்காது. ஐ.எஸ். 710 என்று முத்திரை உள்ள மெரைன் ப்ளையை 72 மணி நேரம் கொதிநீரில் வைத்துச் சோதிக்க வேண்டும் என்பது விதி. முத்திரையும் போலியாக வரும் என்பதால் ஷீட்டில் இருக்கும் சி.எம்.-எல் என்ற உரிம எண்ணைக் குறித்துக்கொண்டு, பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் போட்டுப் பார்க்கலாம். எனக்கு அதைப் போட்டுக் காட்டியவன் பக்கத்து வீட்டுப் பையன். நீங்களும் ஒரு பையனைப் பிடியுங்கள்.

என் கட்சி இதுதான். நம் வயதுக்காரர்கள் சதுர அடி ரேட்டைக் காதில் வாங்கவே கூடாது. அது துணிக்கடை வாசலில் எழுதி வைக்கும் விலை மாதிரி, உள்ளே இழுக்கத்தான். பிரெஞ்சில் 'தெவி' என்பார்கள். வேலை தொடங்குமுன் ஒவ்வொரு சாமான், அதன் அளவு, விலை, கூலி, வரி எல்லாவற்றையும் வரிவரியாக எழுதித் தருவார்கள். சம்மதமானால் நாம் அடியில் 'போன் பூர் அக்கோர்' என்று கைப்பட எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். பிறகு இரண்டு பக்கமும் மாறமுடியாது. அதை இங்கேயும் கேட்டு வாங்கலாம், யாரும் அடிக்கமாட்டார்கள். எழுதித் தர மறுக்கிறவரைப் பட்டியலிலேயே சேர்க்கவேண்டாம். "இன்னைக்கு புக் பண்ணினா இருபது பர்சென்ட் ஆஃபர்" என்பவரிடம் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லுங்கள். நான் ஐந்து நாள் கழித்துப் போனேன், ஆஃபர் அப்படியே உட்கார்ந்திருந்தது.

ஆசாரி வேலையில் தாளில் வராத செலவும் உண்டு, அதை மறைக்கமாட்டேன். பதினைந்து நாள் வீடெல்லாம் தூள். சமையல் கூடத்துக்கு வரவேண்டும். கூடவே நின்று பார்க்க ஆள் வேண்டும். தனியாக இருக்கும் விதவை அம்மாளுக்கோ மூச்சிரைப்பு உள்ளவருக்கோ, மூன்று நாளில் மாட்டிவிட்டுப் போகும் கடைதான் சரி. உள்பெட்டி மட்டும் ப்ளைவுட்டாக இருக்கட்டும்.

இப்படி மூன்று பத்திகள் போட்டு, பழைய பழக்கத்தில் கோடு கிழித்து ஒப்பீட்டுப் பட்டியல் தயார் செய்து, ஒரு சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் பெருமையாக விரித்தேன். மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு விலையைப் பார்க்காமல் படங்களைப் பார்த்தாள்.

"மூணு பேர்கிட்ட கேட்டீங்க. சமைக்கிறவகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

நான் பேசவில்லை.

"போன வருஷம் ஸ்டூல்லேருந்து விழுந்தேனே, எதுக்கு ஏறினேன்? மேல் அலமாரியில ரவை டப்பா எடுக்க. இவங்க மூணு பேரும் அதே மேல் அலமாரியைக் கூரை வரைக்கும் வரைஞ்சு வச்சிருக்காங்க. கீழே கதவு. முட்டி மடங்காதவ கதவைத் திறந்து உள்ளே தலையை விட்டா அடிப்பாத்திரத்தை எடுப்பா? சிலிண்டரையும் கதவுக்குள்ள பூட்டியிருக்காங்க, கேஸ் கசிஞ்சா யாருக்குத் தெரியும்?"

அவள் விழுந்தபோது மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு ஆறு வாரம் இருந்தாள். அந்த ஆறு வாரமும் ரசம் வைத்தவன் நான். அப்படியும் எனக்கு அந்த ஸ்டூலும் இந்த அலமாரியும் ஒரே கோப்பு என்று தோன்றவில்லை. கதவு உதிர்ந்ததால்தான் அலமாரி மாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சிலிண்டர் விஷயத்திலும் அவள் சொன்னதே சரி. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும். மூடின பெட்டிக்குள் வைக்கக்கூடாது.

மறுநாள் அவள் சொல்ல நான் எழுதினேன். மேல் அலமாரி நான்கடி நீளம் போதும், நின்றபடி கை எட்டும் உயரத்தில். கீழே கதவுக்குப் பதில் இழுப்பறைகள், கனமான குக்கர் இடுப்புக்குச் சமீபத்தில். தொட்டிக்குக் கீழே மூன்றடி திறந்தே கிடக்கட்டும், ஒழுகினால் கண்ணில் படும். அறுபது சதுர அடி நாற்பதரையாக இறங்கியது. அதை மூன்று பேருக்கும் கொடுத்து மறுபடி விலை கேட்டேன். பேக்கேஜ்காரர் சின்ன வேலையானாலும் விலை மாறாது என்றார். ஷோரூம் எல்லாம் சேர்த்து 1,39,000 சொன்னது. இழுப்பறைக்குச் சேனலும் பலகையும் கூடப் பிடிக்கும் என்பதால் ஆசாரியின் கணக்கு அதிகம் இறங்கவில்லை, 86,500. "அம்மா சொல்றதுதான் கரெக்ட் ஐயா, முதல்லயே அம்மாவைக் கூப்பிட்டிருந்தா ஒரு தாள் மிச்சம்" என்றார்.

ஆசாரிக்கு முடிவாயிற்று. தெவியை நான்தான் எழுதினேன், வரிவரியாக, முன்பணம் 25,000, மீதி மூன்று தவணை என்று. அடியில் கையெழுத்து அவள் போட்டாள். நிறம் இன்னும் தீரவில்லை: மகன் வெள்ளை என்கிறான், மஞ்சள் கறையை அவன் வந்து துடைப்பானா என்று இவள் கேட்கிறாள். அதற்கு முன் தொட்டியின் ஒழுக்கை நிறுத்தவேண்டும். பிளம்பர் திங்கட்கிழமை வருகிறேன் என்றார். எந்தத் திங்கட்கிழமை என்று அவரிடம் எழுதி வாங்க மறந்துவிட்டேன்.